புள்ளிக்குப் பின்னால்

ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். விவாகரத்து மனுவை உங்களுக்கு அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. என் பங்கை நிரப்பிவிட்டேன். ‘காரணம்’ என்ற கட்டத்தை மட்டும் நீங்கள் எழுதட்டும் என்று விட்டுவைத்தேன். ஒரு கையெழுத்துக்கு ஒரு மாதமா? போனில் கேட்டால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் தபால்.

இன்னொன்று. உங்கள் மகள் ஒரு கணக்கோடு இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறாள். யுரேனியம் அணு ஒரு நியூட்ரானை வாங்கிக்கொண்டு பேரியமும் கிரிப்டானுமாகப் பிளக்கிறதாம். மூன்று நியூட்ரான் வெளியே வருகிறதாம். எவ்வளவு ஆற்றல் வெளிப்படும் என்று கேள்வி. டியூஷன் போகச் சொன்னால், "அப்பா அணுமின் நிலையத்துலயே இருக்காரு, நான் எதுக்கும்மா டியூஷன் போகணும்?" என்கிறாள். அணுக்களின் நிறைகளைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி அவள் வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரி வார்டில் ஆள் குறைவு, எனக்கு இரண்டு ஷிப்ட். வேறு விசேஷமில்லை.

வாலுவின் அம்மா

ஜூன் 8

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சொன்னால் சிரிப்பாய். கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருஷமாக முள்ளையும் விளக்கையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கணக்கைக் கையால் போட்டதே இல்லை. ஆனால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிளப்பதற்கு முன்னால் உள்ள நிறைகளைக் கூட்டி, அதிலிருந்து பிளந்த பிறகு உள்ள நிறைகளைக் கழிக்க வேண்டும். குறைவதை 931.5-ஆல் பெருக்கினால் ஆற்றல். அத்தனை தசமத்தைப் பார்த்து மிரள வேண்டாம் என்று சொல். ஒவ்வொன்றையும் பக்கத்து முழு எண்ணாக்கிக்கொண்டால் சுலபம். நானே போட்டு அனுப்பியிருப்பேன், ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொருகுகிறது.

மனு மேசை மேல்தான் இருக்கிறது. காரணம் என்று என்ன எழுத? நான் குடித்தேனா, கை நீட்டினேனா? பதினெட்டு வருஷத்தில் நமக்குள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே. ‘குறிப்பிடும்படி ஒன்றுமில்லை’ என்று எழுதட்டுமா? ஒன்றும் இல்லாததற்கு ஏன் பிரிய வேண்டும், குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்துவிடேன்.

வாலு அப்பா

ஜூன் 14

வாலுவின் அப்பாவுக்கு,

பூஜ்யம் வந்தது.

நீங்கள் சொன்னபடியே போட்டிருக்கிறாள். இந்தப் பக்கம் 235, 1. அந்தப் பக்கம் 141, 92, 3. இரண்டும் 236. கழித்தால் ஒன்றுமில்லை. கரும்பலகையில் பூஜ்யம் என்று எழுதிவிட்டு நின்றாளாம். வாத்தியார், "உங்கப்பா வேலை பார்க்கிற இடத்துல கரண்டே வராது போலிருக்கே" என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. வந்தவள் சாப்பிடவில்லை, உங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்கு அணுவும் தெரியாது ஒன்றும் தெரியாது. ஆனால் குழந்தைகள் வார்டில் மருந்தை இப்படி முழு எண்ணாக்கிக் கொடுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் வாலுவின் நோட்டில் இருந்த எண்களை இருந்தபடியே கூட்டிக் கழித்தேன். முன்னால் 236.0526. பின்னால் 235.8667. குறைவது 0.1859. கால்கூட இல்லை. வெளியே வருவது அத்தனையும் அந்தத் துணுக்கிலிருந்துதான் என்கிறாள் வாலு.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. சமையலறைக் குழாய் எட்டு மாதம் சொட்டியது. சொல்லும்போதெல்லாம் "சொட்டுதானே" என்றீர்கள். ஒன்று சொல்லிவிட்டேன், மீதியை நான் சொல்லப் போவதில்லை. காரணத்தை நீங்களே எழுதுங்கள். முழு எண்ணாக்காமல் எழுதுங்கள்.

வாலுவின் அம்மா

ஜூலை 2

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

கேன்டீனில் உட்கார்ந்து ஷிப்ட் அட்டவணையின் பின்பக்கத்தில் போட்டேன். 0.1859-ஐ 931.5-ஆல் பெருக்கினால் 173.17. மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், ஒரே ஓர் அணுவுக்கு. வரி வரியாக எழுதி வைத்திருக்கிறேன், வாலுவிடம் கொடு. தப்பு அப்பாவுடையது என்று மேலே எழுதியிருக்கிறேன். வாத்தியாரிடமும் காட்டட்டும்.

மனுவும் இதோடு வருகிறது. கட்டம் போதவில்லை, பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். நீ தோள்வரை முடி வெட்டிக்கொண்டு வந்தாய். அன்றைக்கே பார்த்தேன், எட்டாம் நாள் வாலு கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன். நீ பேசி முடிப்பதற்குள் சரி சரி என்பேன். உன் அம்மா போன அன்று எல்லா வேலையும் செய்தேன், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் "எத்தனை மணிக்கு முடியும், எனக்கு ஷிப்ட் இருக்கு" என்று கேட்டேன். உன் முகம் மாறியது. குழந்தைகள் வார்டுக்கு மாறிய முதல் வாரம், ஒரு குழந்தை போய்விட்டது என்று வந்து உட்கார்ந்தாய். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன், அணைக்கவில்லை.

இதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். சின்னதுதானே என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்த பிறகு, திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மீதி உன் விருப்பம்.

வாலு அப்பா

ஜூலை 9

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்துத்தான் இத்தனை நாள் இருந்தேன். கவனித்திருக்கிறீர்கள். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

டிவியை நானே மறந்திருந்தேன். படித்துவிட்டு மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். ஒன்றுமில்லாததற்கு வீட்டை விட்டு வந்தவள் என்று என் அக்காவிலிருந்து பக்கத்து வீடுவரை எல்லோரும் சொன்னார்கள். சில நாள் நானும் அதை நம்பினேன். இல்லை என்று இப்போது உங்கள் கையெழுத்திலேயே வந்துவிட்டது. இது சில வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

வாலு உங்கள் தாளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இந்த வீட்டுக் குழாய்க்கு வாஷர் நானே மாற்றக் கற்றுக்கொண்டுவிட்டேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

காரணத்தை நீங்கள் சரியாக எழுதிவிட்டீர்கள். சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. கீழே என் கையெழுத்தையும் போட்டு, இன்று காலை மனுவை வக்கீலுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

வாலுவின் அம்மா