நூற்றுநான்காம் வீட்டின் பதின்மூன்று டிகிரி

ஜனவரி 9

குடியேறிய பின் வீடு எப்படியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. முந்தின நாளே போன் செய்துவிட்டு 104-க்குப் போனேன். மேங் அக்கா பார்லி டீ கொடுத்தாள். அறை இதமாக இருந்தது, இருபத்திரண்டு டிகிரி. படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி'. ஆனால் குடியேறும் முன்பே சுவரில் நான் மாட்டிய, வெப்பத்தை அலுவலகக் கணினிக்கு அனுப்பும் பதிவுக் கருவி வாரம் முழுக்கச் சராசரி பதின்மூன்று என்கிறது. எது பொய்?

ஜனவரி 16

மறுபடி சொல்லிவிட்டுப் போய்க் கருவியை மாற்றினேன். பழையதில் இந்த வாரமும் அதே பதின்மூன்று.

ஜனவரி 20

புதுக் கருவியும் பதின்மூன்றுதான் காட்டுகிறது. இந்த மாதம் முப்பத்தொன்றோடு கட்டியவர்களின் இலவசப் பழுதுபார்ப்புக் கெடு முடிகிறது. என் அறிக்கை 'குறையில்லை' என்றால் தரைக்கடியில் ஓடி வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை யாரும் தொடமாட்டார்கள். என் மேலதிகாரி கில் சார் சிரிக்கிறார்: "நீ போனா வீட்டுக்கே வெக்கத்துல சூடேறுதோ என்னமோ!"

ஜனவரி 24

'குறையில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். மனசே ஒப்பவில்லை. குடியிருக்கிறவளே திருப்தி என்கிறபோது நான் யார்?

ஜனவரி 28

சராசரியை விட்டுவிட்டு மணிவாரியாகப் பார்த்தேன். இரண்டே நாள்தான் சூடு ஏறியிருக்கிறது. இரண்டும் நான் போன நாள். கருவியா, நானா, பேயா?

ஜனவரி 29

இன்று போன் செய்யாமல் போனேன். நம் ஊரில் இது மரியாதையில்லை, தெரியும். மேங் அக்கா வீட்டுக்குள்ளேயே தடித்த கோட்டும் இரண்டு சாக்ஸுமாக நின்றாள். தரை ஐஸ்.

"ஐயையோ, சொல்லாம வந்துட்டீங்களே! ஹீட்டர் நீங்க கடைசியா போன 106-லயே இருக்கே!"

மண்ணெண்ணெய் ஹீட்டராம், தையல்கடையில் இரவல். நான் எந்த வீட்டுக்கு வருகிறேனோ அங்கே காலையிலேயே தூக்கிப்போய் வைத்து, நான் வருமுன் ஒளித்துவிடுவார்களாம். தரைத்தள வீடுகள் எல்லாமே இப்படித்தான்.

"ஏன்க்கா? குளிருதுன்னு ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே!"

"வீட்டுக்கு வர்றவங்கள குளிர்ல உக்கார வைக்கிறதா? குறை எழுதினா உங்களத்தானே திட்டுவாங்க?"

அழுகை வந்தது. கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

ஜனவரி 30

அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். கில் சார் கத்தினார்: "கையெழுத்துப் போட்டு ஆறு நாள்ல மாத்துற. இனி உன்ன எவன் நம்புவான்?"

கெடுவுக்குள் புகார் போய்விட்டது. அது போதும். போதுமா?

பிப்ரவரி 18

தரையை உடைத்துவிட்டார்கள். குழாய் மூன்று இடத்தில் நசுங்கியிருந்ததாம். அடுத்த குடியிருப்புக்கான குழுவில் என் பெயர் இல்லை.

எப்படியோ தெரிந்துகொண்டு மேங் அக்கா போன் செய்தாள். "எங்களாலதானே உங்களுக்கு இப்படி?"

"இல்லக்கா" என்றேன். உண்மையில் அவர்களால்தான். இருந்தாலும், "தரை காய்ஞ்சதும் ஒரு நாள் சாப்பிட வாங்க" என்றபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.