தொடுதிரைக்குப் போட்ட உறையை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
சி. முத்துமணி,
த/பெ. சின்னராஜ் (சொந்த ஊர் அஞ்செட்டி),
மகளிர் விடுதி, ஓசூர்.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
தொடுதிரைப் பயணியர் தகவல் மையம், ஓசூர்.

பொருள்: ஆயுத பூஜைக்குப் பின் மூடி வைத்துள்ள தொடுதிரைக் கணினியைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரம் ஓட்டி வந்தேன். கையைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளிக்கண் அதில் இருந்தது. வேலை தடைபடுகிறதென்று அதன்மேல் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். சென்ற ஆண்டு என் இரு கை விரல்களும் போயின.

2. பிறகு கணினி கற்கப் போனேன். மவுஸைப் பிடிக்க முடியாதவருக்கு இடமில்லை என்றார்கள். அன்று ஊருக்குப் போகப் பேருந்து பார்க்க வந்தபோதுதான் தங்கள் மையத்தின் திரையைப் புறங்கையால் தொட்டேன். தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று அது உடனே கேட்டது. விரல் எங்கே என்று கேட்கவில்லை. ஐயா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

3. அதன்பின் மாலைதோறும் வந்தேன். அஞ்செட்டிக்கு இருக்கிற பேருந்தே சொற்பம். நேரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கேட்பேன். ஒருநாள் ஊர் தேடும் கட்டத்தில் என் பெயரை எழுத்தெழுத்தாகத் தொட்டேன். முத்துமணி என்ற ஊர் இல்லை என்றது. அதற்கென்ன தெரியும்! அந்த ஊருக்கு நான் கனவில் பேருந்து ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே ஏறிட்டுப் பார்த்தால் விளக்கு எரிகிறது. வியர்த்தால் மின்விசிறி சுழல்கிறது. சொல்லச் சொல்லக் கணினி எழுதிக்கொள்கிறது. எல்லா இயந்திரங்களுக்கும் கண் திறந்திருக்கிறது. எனக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

4. ஆயுத பூஜையன்று ஊழியர்கள் பக்தி மிகுந்து திரைக்கே சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்கள். காய்ந்த பொட்டை விரலென்று நினைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி கேட்டவருக்கெல்லாம் அது பேரிகை என்ற ஊரையே காட்டியது. பழுதென்று உறை போட்டு, "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டியும் விட்டார்கள். அதுவும் தொடுதிரையில்! காவலர் மாரிசாமி அண்ணன், "கை நல்லா இருக்கறவங்களையே தொட உடக்கூடாதுன்னு ஆர்டரு, நீ ஏம்மா தெனமும் வந்து நிக்கற?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

5. ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று நம்புகிறேன். அனுமதித்தால் நானே துடைத்துத் தருகிறேன். கண்ணை மூடிவைத்த இயந்திரத்தின் முன் இன்னொரு முறை நிற்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே உறையை நீக்க உத்தரவிடுமாறு தங்களை மிகவும் வேண்டுகிறேன்.

இடம்: ஓசூர்
நாள்: 16.10.2006

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சி. முத்துமணி
(சொல்லக் கேட்டு எழுதியவர்: அறைத்தோழி சுப்ரியா)

கையொப்பம்: இட இயலவில்லை. ரேகை வைக்கப் பெருவிரலும் இல்லை. உறையை நீக்கினால், தங்கள் முன்னிலையில் என் பெயரைத் திரையில் நானே எழுதிக் காட்டுகிறேன்.