அம்மாவின் கேத்தலுக்கு ஒரு சுவிட்ச்

தம்போயில் நம் பட்டறையில் இன்று காலை ஈயம் பற்றவைத்தேன். புகை மூக்கில் ஏறியதும் உன் தும்மல் ஞாபகம் வந்தது. தும்மித் தும்மி வேலை பார்ப்பாய்; கேட்டால், "இதுதான் நம்ம சாம்பிராணி லா" என்பாய். நீ கண்ணை மூடி இரண்டாவது தீபாவளி வரப்போகிறது. உன் ஸ்டூலில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை நான். சிரித்துக்கொள், போடி.

ஊரில், ரெங்கத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்காகத்தான் அந்தக் கருவியைச் செய்தோம். காலையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்காவிட்டால் எனக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமி மக்சிக்குக்கும் செய்தி வரும். அம்மா ஒருமுறை குளியலறையில் விழுந்து, மதியம் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்தவர். எனக்கு அந்தப் பயம். பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடிவிட, இப்படித் தனித்துக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று நீயும் புலம்புவாய்.

நம் இருவர் மூளைக்கும் புரட்டாசி சனி எட்டவில்லை, பார்! அன்று அம்மாவுக்கு விரதம். பூசை முடியாமல் தேநீர் கிடையாது. மக்சிக் வேலியேறிக் குதித்து, கதவை உடைக்காத குறை. ஈரத் தலையோடு வந்த அம்மா போனில் என்னைக் கிழித்தெடுத்தார்: "நான் உசுரோட இருக்கேன்னு தெனம் கேத்தல்கிட்ட சொல்லணுமா? வந்து கழட்டிட்டுப் போ!"

"அப்போ கேமராவே வச்சிடலாம்" என்றேன். நீ திருப்புளியை மேசையில் போட்டாய். "அலமாக்! நீ உடுப்பு மாத்துறத ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா சும்மா இருப்பியா?"

மறுநாளே ரெங்கத்துக்குப் போய் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்தாய். "ஆண்ட்டி, எப்படி இருந்தா வச்சுக்குவீங்க? நீங்களே சொல்லுங்க."

அம்மா யோசிக்கவே இல்லை. "எனக்கு வேணாங்கிறப்ப நானே நிறுத்தணும்."

அப்படி வந்ததுதான் அந்தச் சுவிட்ச். எனக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்திட்டா அப்புறம் அது எதுக்கு?" என்று சண்டை போட்டேன். "நிறுத்த முடிஞ்சாத்தான் வீட்ல வச்சுக்குவாங்க லா" என்றாய்.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை கேத்தல் கொதிக்கவில்லை. அம்மா கருவியை நிறுத்தி வைக்கவும் இல்லை. மக்சிக் ஓடினார். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது. இப்போது கோலூன்றி நடக்கிறார். வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் வீடு திரும்பிய அன்று, சுவிட்சைப் பிடுங்கிவிடலாம் என்று கருவியைத் திறந்தேன். அம்மா என்னையே பார்த்தார். மூடிவிட்டேன்.

இப்போது அது பல வீடுகளில் ஓடுகிறது, சுவிட்சோடு. சந்தோஷமாக இருக்கிறேன்டி. இன்று அம்மா நிறுத்தி வைத்திருப்பது என் போனில் தெரிகிறது. கோயிலுக்கோ, சந்தைக்கோ, மக்சிக்கோடு ஊர்வம்பு பேசவோ, எங்கே போனாரோ தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.