பரிசு பெற்ற பெஞ்சும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் வீடும் சுகம், உன் அப்பாவின் இடுப்பு மட்டும் இன்னும் முழுதாகச் சுகத்துக்கு வரவில்லை. பதறாதே, எலும்பு முறியவில்லை, மானம்தான் கொஞ்சம் முறிந்தது, அதுவும் கூடிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று நீ எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும். போனில் அவசர அவசரமாகப் பேசுவதில் எதுவும் மனசில் நிற்பதில்லை, அதனால்தான் நடந்ததை எல்லாம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் நம் ஊரில் நகராட்சிக்காரர்கள் வடிவமைப்பு வாரம் என்று ஒன்று நடத்தினார்கள். எங்கெங்கிருந்தோ கட்டிடம் வரைகிறவர்கள் வந்து பேசினார்கள், கண்காட்சி வைத்தார்கள், தெருத்தெருவாகக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பழைய கட்டிடங்களைப் பார்த்தார்கள். ஒரு நாள் இருபது பேர் நம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ மேலே ஏறிக் குதிக்கப் போகிறான் என்று நினைத்து நான் கையில் துடைப்பத்தோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் தொட்டியின் தூண் அழகாம். முப்பது வருடமாக அதற்குக் கீழே நடக்கிறோம், நமக்குத் தெரிந்ததா? சரி, அது போகட்டும். அந்த வாரத்துக்காக ஒரு போட்டி வைத்தார்கள், பஸ் நிறுத்தத்துக்குப் புது பெஞ்சு. முதல் பரிசு வாங்கிய பெஞ்சை நம் தெருமுனை நிறுத்தத்திலேயே போட்டார்கள், அங்கிருந்த சிமெண்டு பெஞ்சை உடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புதுசு எப்படி இருந்தது தெரியுமா? வழுவழுவென்று எவர்சில்வர் குழாய், முதுகும் கிடையாது கையும் கிடையாது, அலை மாதிரி நெளிந்து முன்பக்கம் சரிந்து நின்றது. திறந்து வைத்த அன்றைக்கே உன் அப்பா போய் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று எழுதுவது பேச்சுக்கு. உட்கார்ந்த வேகத்தில் வழுக்கித் தரைக்கு வந்துவிட்டார், அதை ஒரு பத்திரிகைக்காரர் படம் பிடித்துவிட்டார். மறுநாள் பேப்பரில் கால் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க உன் அப்பா, கீழே 'புதிய வடிவத்தோடு உரையாடும் முதியவர்' என்று போட்டிருந்தார்கள். அவருக்கு விழுந்ததில் கோபமில்லை, முதியவர் என்று போட்டதில்தான் கோபம். அதுவும் சாயங்காலத்துக்குள் ஆறிப்போய்ப் படத்தை வெட்டி எடுத்து லேமினேஷன் போட்டு வந்துவிட்டார்.

கடைசி நாள் நகராட்சி மண்டபத்தில் கலந்துரையாடல், பெஞ்சைப் பயன்படுத்தியவர் என்று உன் அப்பாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பக்கம் பேச்சு எழுதி வைத்துக்கொண்டு சட்டையை இரண்டு தடவை தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன், ஆனால் நான் போனது சண்டைக்கு. எதிர் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட காலோடு வருகிறவர்கள் எல்லாம் அந்த நிறுத்தத்தில் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைத் தினமும் காலையில் பார்க்கிறவள் நான். மேடையில் நாற்காலி போடாமல் அதே மாதிரி இன்னொரு பெஞ்சைப் பெருமையாகப் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு நடுவர்கள், நகராட்சி இஞ்சினியர், ஓரத்தில் உன் அப்பா. பத்து நிமிடத்தில் நான்கு பேரும் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டார்கள், பெரிய நடுவர் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டே பின்னால் ஏறுகிறார், மறுபடி இறங்குகிறார். உன் அப்பாதான் அனுபவஸ்தர் ஆயிற்றே, "இடது கால நல்லா ஊனிக்குங்க சார், வலது கைய இப்படிப் பின்னாடி குடுங்க" என்று சொல்லிக் கொடுத்தார், அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

நான் எழுந்து, இதை வரைந்தவர் ஒரு தடவையாவது இதில் உட்கார்ந்து பார்த்தாரா என்று கேட்டேன். வரைந்தது கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண், உன் வயசுதான் இருக்கும். "கம்ப்யூட்டர்லதாம்மா உட்கார வெச்சுப் பார்த்தேன்" என்றாள், அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் முதல்ல வரைஞ்சது சமமாத்தான் இருந்துச்சு, சாய முதுகும் இருந்துச்சு, சரிவாக்கச் சொன்னது ஆபீஸ்ல" என்றாள். எல்லோரும் இஞ்சினியரைப் பார்த்தோம். அவர் ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஃபைலைத் திறந்து, பழைய பெஞ்சைப் பற்றிப் பதினொரு புகார் வந்திருக்கிறது, தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு ஆள் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு நீட்டிப் படுத்துவிடுகிறான், பஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு இடமில்லை, அதனால் யாரும் படுக்க முடியாதபடி செய்யச் சொன்னோம் என்று படித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம். "பாவம், வீடு வாசல் இல்லாதவரா இருக்கும், ஒருத்தர் படுத்தார்னு ஊரையே வழுக்கி விடுவீங்களா?" என்று கத்தினேன். மண்டபமே கை தட்டியது. உன் அப்பா மட்டும் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "வீடு இருக்குங்க, படுக்கத்தான் இடமில்லை" என்றார்.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நானும்தான் சிரித்தேன், சிரித்து முடித்த பிறகு சுருக்கென்றது. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே நான் தையல் வகுப்பு ஆரம்பித்தேன் அல்லவா, மதியமானால் ஏழு பெண்கள் ஏழு மிஷின், வெட்டின துணியெல்லாம் கட்டில் மேல். லைப்ரரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார், நானும் மனுஷன் படிக்கிறாரே என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன். வீட்டுக்கு வந்து ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டதற்கு, "நான் ஆபீஸ் போயிட்டிருந்த வரைக்கும் மதியமெல்லாம் நீ ஒத்தையாத்தானே கிடந்தே, இப்பதான் ஆளுங்க வர்றாங்க, சிரிப்புச் சத்தம் கேக்குது, நடுவுல வந்து நான் குறட்டை விடணுமா?" என்றார். நான் துணியை மடிக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பெஞ்சை வரைந்த அந்தப் பெண் நல்ல பெண். மறுநாளே அளவு நாடாவோடு வந்து என்னை இருபது தடவை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி முட்டி உயரத்தைக் குறித்துக்கொண்டாள். இப்போது நிறுத்தத்தில் முதுகும் கைப்பிடியும் வைத்த புது பெஞ்சு வந்துவிட்டது, கட்டுப் போட்டவர்கள் கையை ஊன்றி எழுந்திருக்கிறார்கள். போகிற போக்கில் நம் வீட்டையும் அளந்து, துணிக்குச் சுவரில் பலகை அடிக்க இடம் காட்டினாள், என் வகுப்புப் பெண்கள் ஏழு பேரும் சேர்ந்து அன்றைக்கே கட்டிலைக் காலி செய்து ஜன்னலோரம் போட்டார்கள். முதல் நாள் அவர் படுத்ததும் மரியாதைக்காக எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அரை மணி நேரம் புரண்டுவிட்டு எழுந்து வந்து, பஸ் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்கிறார். ஓட்டுங்கடி என்றேன். ஏழு மிஷினும் ஓடின இரண்டாவது நிமிடம் அவர் ஆரம்பித்த குறட்டையில், "அக்கா, தையல் கோணுது" என்று ஒருத்தி முறையிட்டாள்.

உடம்பும் மனசும் நிறைவாக நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் கண்ணு. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே உனக்கு ஏதாவது இடைஞ்சல் என்றால் வாய் விட்டுச் சொல்லிவிடு, 'நல்லா இருக்கேம்மா' என்று மட்டும் எழுதி அனுப்பாதே. இரண்டு வருடமாக உன் அப்பாவும் என்னிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா