நான் முழுதாகப் பார்க்காத வீடியோ

நானா,

இன்று காலை நாலந்தாவிலிருந்து மாத்தளைக்கு வரும் பஸ்ஸில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். படத்தை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் முதலில் வந்தது. சந்தை இரைச்சல், ஒரு பெண்பிள்ளையின் அழுகை, "விடாதீங்க, புடிங்க" என்று ஓர் ஆண் குரல். பக்கத்தில் இருந்த பெண் போனை என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க ஐயா, குருணாகல் பக்கத்துல பிள்ளை பிடிக்கிறவளாம். நேத்து நடந்ததாம்."

"அது பொய்ங்க. குருணாகலும் இல்ல, நேத்தும் இல்ல" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மணியை அடித்து, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு தரிப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். இறங்கி நடந்தபோது உங்களோடுதான் பேசிக்கொண்டு போனேன். நீங்கள் இருந்த காலத்தில் சொல்லாததை எல்லாம் இப்போது எழுதுகிறேன்.

நாம் இருவரும் வெவ்வேறு பத்திரிகைகளுக்கு மாத்தளையிலிருந்து செய்தி அனுப்பிய நாட்கள் இவை எல்லாவற்றுக்கும் முந்தியவை. முஸ்லிம் வழக்கப்படி, அண்ணன் முறைக்கு உங்களை நானா என்றும் அக்கா முறைக்கு உங்கள் மனைவியை ராத்தா என்றும் அழைத்தேன். ஒரே கடையில் ஃபேக்ஸ் அனுப்புவோம். படச்சுருளை உறையில் போட்டு கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். செய்தி அச்சாகி வர இரண்டு நாள் பிடிக்கும். அந்தத் தாமதத்தை நான் திட்டாத நாளில்லை. நீங்கள் திட்டியதாக நினைவில்லை.

ஒருமுறை ஏ9 வீதியில் வேன் ஒன்று மரத்தில் மோதி மூன்று பேர் இறந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எழுதி முடித்து ஃபேக்ஸ் கடை வாசலில் நின்றேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனீர்கள். மூன்றாவது ஆள் தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில், "பேப்பர்ல சாகடிச்சவன எழுப்ப ஏலாது தம்பி" என்று மட்டும் சொன்னீர்கள். அதை வைத்து அப்புறம் ஒருநாளும் என்னைக் கேலி செய்யவில்லை.

பிறகு கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. நான் ஊர்ச் செய்திக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஃபேக்ஸும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். காலையில் போட்டதை மத்தியானத்துக்குள் டுபாயில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் பகிர்ந்துவிடுவார்கள். கோயில் திருவிழாவிலும் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் எனக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. நீங்கள் பத்திரிகையோடு நின்றுவிட்டீர்கள். "உங்கட பக்கத்த பார்க்கிறேன் தம்பி, வேகமாத்தான் இருக்கு" என்றீர்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை யட்டவத்த சந்தையிலிருந்து யாரோ ஒருவர், இன்று பஸ்ஸில் கேட்ட அந்த வீடியோவை அனுப்பினார். தலையை மூடிய ஒரு பெண், முதுகுப் பக்கம் மட்டும் தெரிகிறது. ஒரு சின்னப் பெண்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறாள். சுற்றிலும் கூட்டம். எட்டு, பத்து விநாடி பார்த்திருப்பேன். "யட்டவத்த சந்தையில் பிள்ளை பிடிக்க வந்த பெண் சிக்கினார்" என்று எழுதிப் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன்.

மீனை வெட்டி வாங்குவதற்குள் ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள். கீழே எழுதியவர்கள் அவளுடைய உடையைப் பற்றி எழுதினார்கள், உங்கள் ஆட்களைப் பற்றி எழுதினார்கள். அடித்துக் கொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள். அவற்றையும் வாசித்தேன் நானா. எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்த சந்தோஷத்தில் எதையும் அழிக்கவில்லை.

அப்போதுதான் உங்கள் அழைப்பு வந்தது.

"தம்பி, அந்த வீடியோவ கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?"

"ஏன் நானா?"

"பாருங்க."

பார்த்தேன். கடைசியில் அந்தப் பெண் திரும்புகிறாள். ராத்தா. எத்தனையோ பெருநாளுக்கு எனக்கென்று தனியாகக் கோழிக்கறி ஆக்கி வைத்த உங்கள் மனைவி. மறதி நோய் தொடங்கிவிட்டது என்று நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தீர்கள். மீதியையும் நீங்கள்தான் சொன்னீர்கள். அந்தப் பிள்ளையைத் தன் மகள் என்று நினைத்து, வீட்டுக்குப் போவோம் என்று கையைப் பிடித்திருக்கிறார். பிள்ளையின் தாய்க்கு ஐந்து நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. அவளேதான் ராத்தாவை ஒரு கடையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, உங்களுக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறாள். சந்தையில் அது அத்தோடு முடிந்துபோனது. முடிய விடாதவன் நான்.

உடனே எடுத்துவிட்டேன். எடுத்தென்ன, அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தீர்கள். வைத்த தேநீரைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினீர்கள். என் பக்கத்தில் போடுவதற்கு, உங்கள் கையெழுத்தில் நாலு வரித் திருத்தம். நடந்தது என்ன, அந்தப் பெண் யார், அவருக்கு என்ன நோய், தவறு எங்களுடையது.

"எடுத்தா மட்டும் காணாது தம்பி. இத போடுங்க. அவ கடைக்குப் போக ஏலாம இருக்கு. பொடியன்மார் பின்னால வந்து கத்துறாங்க."

"போட்டா எல்லாருக்கும் திரும்ப ஞாபகம் வரும் நானா. விட்டுட்டா ரெண்டு கிழமையில மறந்துடுவாங்க" என்றேன்.

ராத்தாவுக்காகப் பேசுகிறவன் மாதிரி பேசினேன். உண்மை அதுவல்ல. பொய்ச் செய்தி போடுகிறவன் என்று என்னைச் சொல்லிவிடுவார்களே என்ற பயம். அந்த முன்வரிசை நாற்காலி. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. "யோசிச்சுப் பாருங்க" என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

நான் யோசிக்கவில்லை. நீங்களும் மறுபடி கேட்கவில்லை. வழியில் கண்டால் சலாம் சொல்வதுபோலத் தலையை அசைப்பீர்கள், அவ்வளவுதான். போன வருடம் உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தேன். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே, ஆட்டோக்களுக்குப் பின்னால் நின்றேன். உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோதும் நான் முன்னே வரவில்லை.

இன்று பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே என் வீட்டுக்குப் போய், மேசை லாச்சியை இழுத்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் கதவைத் திறந்தாள். உள்ளே ராத்தா கட்டிலில் உட்கார்ந்து முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரு வந்திருக்கிறது, மகள்? சாப்பிடச் சொல்லு" என்றார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ திரும்பவும் சுற்றுவதையும் சொன்னேன். "இதை இப்பவாவது போடுறேன் மகள்" என்று தாளை நீட்டினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"வாப்பா கேட்டப்போ போட்டிருக்கணும் அங்கிள். அப்ப உம்மாவுக்கு வெளிய போய் வர வேண்டி இருந்துச்சு. நாலு பேர் உண்மையைத் தெரிஞ்சிருந்தா போதும். இப்ப போட்டா, தெரியாத ஆளுக்கெல்லாம் உம்மாட பேரையும் மறதி வருத்தத்தையும் காட்டிக் குடுத்த மாதிரித்தான் இருக்கும். வேணாம்."

"சரி மகள்" என்றேன். தாளுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இது வாப்பாட எழுத்து. நான் வச்சுக்கிறேன்."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன் போல. தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். குடித்தேன். ராத்தா, தேநீருக்கு இனிப்புக் காணுமா, சீனி இன்னும் போடவா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய இரண்டு பேரில் நீங்கள் இன்று உயிரோடு இல்லை. அவருக்கோ நான் செய்தது எதுவும் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் எழுதினேன். அவர் பேரில்லை, ஊரில்லை, நோயில்லை, என் பேர் மட்டும். ஒரு குற்றமும் செய்யாத ஒரு பெண்ணை, யாரிடமும் விசாரிக்காமல், முழுதாகப் பார்க்கக்கூட இல்லாமல், பிள்ளை பிடிப்பவள் என்று போட்டவன் நான். திருத்தம் போடச் சொன்ன ஒரு நல்ல மனிதரை, என் மதிப்பு போய்விடும் என்று பயந்து வெறுங்கையோடு அனுப்பியவனும் நான். கடைசி எழுத்து வரைக்கும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

இப்போது அதற்குக் கீழே வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள் நானா.

"எந்த வீடியோ? லிங்க் போடுங்க."