அப்பா சொல்லாத ஒரு வரி

என் செல்ல அப்பாவுக்கு,

முடிச்சூரில் நேற்றிலிருந்து மழை. நம் தெருவில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. ஆனாலும் அம்மா பழக்கத்தில் அரிசி டின்னை மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

தாம்பரத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன். மக்கள் தொடர்பு எழுத்து. பத்திரிகைக்குச் செய்திக்குறிப்பு எழுதுவது, நிருபர்களிடம் பேசுவது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான்தான். எழுதத்தானே போகிறோம் என்று சேர்ந்தேன்.

செய்திக்குறிப்பில் ஒருவர் பேசியதாக ஒரு வரி இருக்க வேண்டுமாம். பெரிய மனிதர்கள் அதையெல்லாம் உட்கார்ந்து சொல்வதில்லை. நாமே எழுதி, அவரிடம் காட்டி, சரி என்று வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம் என்றார்கள்.

நம் குடியிருப்போர் சங்கம் புதிய கூடத்துக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறது. அந்த வெள்ளத்தில் நம் மாடியைத் தெருவுக்கே திறந்துவிட்டீர்களே, அதற்காக. செயலாளர் மணி அங்கிள் வந்து, "நீதான் கோர்ஸ் படிக்கிறியேம்மா, பேப்பருக்கு ஒண்ணு எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். 'பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீர் நம் வீட்டுக்குள் நிற்பதுதான் என்று அப்பா சொல்வார்.' படிக்க நன்றாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல நீங்கள் இல்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை.

பேப்பரில் அந்த வரியே தலைப்பானது. பால் வாங்கப் போனால் அதைச் சொல்லித் தோளைத் தட்டுகிறார்கள். அம்மா அதை வெட்டி உங்கள் படத்தின் ஓரத்தில் செருகி வைத்தாள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இதெல்லாம் உன்கிட்ட எப்போ சொன்னாரு? என்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசினதில்லையே."

"பால்கனியில... ஒரு தடவை."

அம்மா தலையாட்டினாள். அதற்கப்புறம் உங்கள் படத்துக்கு அவள் பூ வைக்கும்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கு நீங்கள் தராத ஒன்றை எனக்குத் தந்ததாக ஆக்கிவிட்டேனே, அப்பா.

இப்போது அந்த வரியைக் கூடத்து வாசல் கல்லில் வெட்டப் போகிறார்கள். மணி அங்கிளிடம் உண்மையைச் சொன்னேன். "சொல்லலைன்னா இன்னாம்மா? சொல்லக்கூடிய மனுஷன்தானே. கல்லுக்கு ஆர்டர் குடுத்தாச்சு." அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

இன்று காலை அம்மாவிடமும் சொன்னேன்.

"அதானே பார்த்தேன்," என்றாள். "வெள்ளத்தன்னிக்குத் தெருவே நம்ம மாடியில. உங்கப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். செருப்பை மேல எடுத்துக்கிட்டு வாங்க, அப்புறம் காணோம்னு என்கிட்ட வந்து நிக்காதீங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தாள். "அப்போ பால்கனியில சொன்னாருன்னியே?"

இந்தக் கடிதத்தைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன், எல்லோரும் படிக்கட்டும். கல்லில் உங்கள் பெயர் மட்டும் போதும். ஒரு வரி வேண்டியே தீரும் என்றால் செருப்பு வரியை வெட்டட்டும். அதற்குத் தெருவே சாட்சி.

இனி உங்கள் வாயில் என் சொல்லை வைக்க மாட்டேன். நீங்கள் பேசாமல் விட்டது பேசாமலே இருக்கட்டும்.

அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லாத
உங்கள் மகள்