காப்பு கட்டும் முன்

மே 2, சனி

இதை யார் எடுத்தாலும் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பூண்டு மூட்டைக்குப் பின்னால். யாரிடமும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

மத்தியானத்திலிருந்து மழை. கரண்ட் இல்லை. பூண்டு அறையில்தான் தாழ்ப்பாள் இருக்கிறது. அதனால் இங்கே. டார்ச் வெளிச்சம். எழுத்து கோணல்.

சாயங்காலம் பூண்டுப் பரணில் ஏறிப் படுத்திருந்தேன். சரண் தேடட்டும் என்று. (கண்ணாமூச்சி. சரண் என் தம்பி. யூகேஜி முடித்துவிட்டான்.) கீழே அடுப்படியில் அப்பா, அம்மா, முத்து மாமா. மாமா அம்மாவின் தம்பி, பண்ணைக்காட்டிலிருந்து வந்திருக்கிறார். நான் மேலே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

மாமா சொன்னார்: “மதுரை டாக்டரம்மா என்னக்கா சொன்னாங்க? மார்ல இருக்குற கட்டி கெட்ட கட்டி, உடனே வந்து சேருங்கன்னாங்கல்ல? நீ என்னடான்னா திருவிழா பாக்கணுங்குற.”

“வர்ற செவ்வாக்கெழம இல்ல, அடுத்த செவ்வா காப்பு கட்டுறாங்கடா. திருவிழா முடிஞ்சதும் போறேன்.”

“காப்பு கட்டிட்டா நீ நெனச்சாலும் போக முடியாதுக்கா. மச்சான், நீங்க சொல்லுங்க.”

அப்பா விறகை உள்ளே தள்ளும் சத்தம் மட்டும்.

அம்மா: “தர்ஷி மொதமொத முளைப்பாரி எடுக்குறா. நான் கூட நடக்கணும். புள்ளைங்களுக்கு இந்த ஒரு லீவயாவது முழுசா குடுத்துட்டுப் போறேன். அதுங்களுக்குத் தெரியக் கூடாது. என் மேல சத்தியம்.”

போன வாரம் கக்கத்துப் பக்கம் கட்டு போட்டிருந்தாள். எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். நம்பினேன்.

கீழே சரண் கத்திக்கொண்டே இருந்தான். “அக்கா, தோத்துட்டேன், வெளிய வா!” என்னால் எழுந்திருக்கவே முடியவில்லை.

மே 3, ஞாயிறு

வெயில். இன்று என் பிறந்தநாளாம். என் பிறந்தநாள் அக்டோபரில். “லீவுல கொண்டாடுனாத்தான் கொண்டாட்டம்” என்றார் அப்பா. முந்தாநாள் என்றால் குதித்திருப்பேன்.

கொடைக்கானலிலிருந்து கேக். ஜீப் வளைவில் சாய்ந்து க்ரீம் எல்லாம் மூடியில். சரண் மூடியை நக்கினான், மூக்கெல்லாம் பச்சை. பக்கத்து வீட்டு மாரியக்கா: “என்னங்கடி இது, ஐப்பசில பொறந்தவளுக்குச் சித்திரைல கேக்கு?” அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பரிசு: நீலப் பை. பெரியது. பள்ளிக்கூடக் கேம்ப்புக்கு. அதில் நானே புகுந்துகொள்ளலாம். சரண் புகுந்தே பார்த்தான்.

நான் சிரித்தேனா? சிரித்தேன். ஃபோட்டோவில் இருக்கிறது.

காப்பு பற்றி எழுதி வைக்கிறேன். திருவிழாவுக்கு முதல் வேலை அம்மன் கோவிலில் காப்பு கட்டுவது. கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் இருக்கும் யாரும் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. பகலில் போய்வரலாம். கட்டும் முன்பே வெளியே போய்விட்டவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. காப்பு கட்டும் ராத்திரிதான் முளைப்பாரிச் சட்டியில் விதை போடுவார்கள். இருட்டறையில் வளர்த்து, கடைசி நாள் தலையில் வைத்து ஊர்வலம்.

பொங்கலிலிருந்து நச்சரித்தது நான்தான். “இந்த வருஷம் நானும் எடுப்பேன், நீ பக்கத்துலயே வரணும்.” சத்தியம் வாங்கியதும் நான்தான்.

மே 7, வியாழன்

கேம்ப் முடிந்து வந்துவிட்டேன். போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். அம்மா விடவில்லை. பையில் ஸ்வெட்டர் இரண்டு, முறுக்கு, இஞ்சி மிட்டாய்.

கொடைக்கானலில் ஒரே மூடுபனி. கூடாரம், கயிறு ஏறுதல், கோகோ. தொட்டுப் பிடிக்கும் விளையாட்டில் நான் ஓடும்போது யாரையும் தொடவில்லையாம். “தர்ஷினி, நீ என்ன வாக்கிங்கா போற?” என்று என் வகுப்பு நிஷா. எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி தீ மூட்டிப் பாட்டு. புகை கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

அங்கே ஒரு நர்ஸ் மிஸ். முட்டியில் சிராய்ப்புக்கு மருந்து போட்டார். அப்போது கேட்டுவிட்டேன். என் ஃபிரண்டோட அம்மாவுக்கு மார்பில் கட்டி, ஒரு மாசம் கழித்துப் போனால் பரவாயில்லையா என்று.

“ஃபிரண்டோட அம்மாவா?” என்று என்னையே பார்த்தார். “டாக்டர் உடனே வரச் சொன்னா உடனே போகணும்மா. சீக்கிரம் ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சா நல்லாகறவங்க நிறையப் பேர். லேட் பண்ணாதீங்கன்னு உன் ஃபிரண்டுகிட்ட சொல்லு. மருந்து ஏத்துனா முடி கொட்டும். அதுக்குப் பயப்பட வேணாம், திரும்ப முளைக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “ஜாலியா இருந்துச்சா?”

“ஆமா.”



மே 8, வெள்ளி

பூண்டு எடுத்த காட்டுக்கு மேலே புல் சரிவு. உரச்சாக்கில் உட்கார்ந்து சறுக்கினோம். நான், சரண், அம்மா. ஆமாம், அம்மாவும்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அப்பா கீழே நின்று, “ஏய், மெதுவா, மெதுவா!” என்று கத்துகிறார். அம்மா இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள். விழுந்து எழும்போது ஒரு நொடி கண்ணை மூடினாள். நான் மட்டும் பார்த்தேன்.

“அம்மா, இன்னொரு தரம்!” என்று சரண்.

“ஏலே, போதும்டா! அம்மாவ விடுடா!” என்று கத்திவிட்டேன். அவன் அழுதான். “அவ கெடக்கா, வாடா தங்கம்” என்று அம்மா அவனோடு மறுபடி மேலே ஏறினாள்.

இன்று கற்றுக்கொடுத்தவை: சோற்றுக்குத் தண்ணீர் அளவு. சரணுக்குச் சளி பிடித்தால் கஷாயம். என் தலையை நானே பின்னுவது. “பெரியவளாயிட்டல்ல, எப்பப் பாத்தாலும் அம்மா வருவாளா?” என்றாள். சொன்ன பிறகு வெரசாக எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

சொல்லிவிடலாமா? எனக்குத் தெரியும், நீ கிளம்பு என்று? சொன்னால் அழுவாள். அழுதால் சரணுக்கும் தெரிந்துவிடும். அழுதுவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் உங்க கூட இருக்கேன்” என்பாள். அதுதான் பயம்.

மே 10, ஞாயிறு

பழனி. சரணுக்கு மொட்டையும் காதுகுத்தும். வெள்ளனே கிளம்பினோம். கிளம்பும் முன் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். “நீ பின்னிவிடு, பாப்போம், கத்துக்கிட்டியான்னு.” இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பின்னிப் பின்னிக் கை வலித்தது. கோணலாக வந்தது. “அழகா இருக்கு” என்றாள்.

பழனியில் சரியான வெக்கை. மொட்டை போடும் இடத்தில் சரண் அலறல். மாமா பஞ்சாமிர்தம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டார். அது முடிந்ததும் அம்மா அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

மழிப்பவர் கேட்டார்: “பூமுடியாம்மா?” பெண்கள் என்றால் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பதுதான் வழக்கம்.

“முழுசா எடுத்துருங்க.”

“ஏக்கா!” என்றார் மாமா.

“வேண்டுதல்டா.”

அப்பா சந்தனம் வாங்கிவருவதாகச் சொல்லிப் போனார், வெகுநேரம் வரவில்லை. நான் பின்னிய ஜடை அப்படியே, பின்னல் அவிழாமல், தரையில் விழுந்தது.

புரிந்துவிட்டது. மருந்தில் கொட்டப்போகிற முடி. கொட்டுவதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று முன்பே முருகனுக்குக் கொடுத்துவிட்டாள். பழனி மலைக்காரர்கள் மொட்டையைப் பார்த்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கேட்டாலும் வேண்டுதல் என்ற ஒரு வார்த்தை போதும்.

சரண் அம்மா தலையைத் தடவித் தடவிச் சிரித்தான். “அம்மாவும் நானும் ஒரே மாதிரி!” மாமா மடியில் காதுகுத்தும்போதுகூட அம்மா தலையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு தலையிலும் சந்தனம். ஃபோட்டோ எடுத்தோம். நான் ஓரத்தில், கண்ணை மூடியிருக்கிறேன்.

வழியெல்லாம் யோசித்தேன். நாளை மறுநாள் காப்பு. முடியைக்கூடக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் போகமாட்டாள். என் முளைப்பாரி இருக்கிறதே. “வேண்டாம்மா” என்று நல்லவிதமாகச் சொன்னால் சமாதானம் செய்துவிடுவாள். பயமாக இருக்கிறது என்றால் நான் இருக்கிறேன் என்பாள். அவளால் சமாதானம் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதை எழுத முடியவில்லை.

மே 11, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் மேகம், பிறகு நல்ல வெயில். அம்மா முற்றத்தில் முளைப்பாரிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டாம்பயறும் மொச்சையும், பொறுக்கி வைத்தது. மப்ளரைத் தலையில் சுற்றியிருந்தாள். மாரியக்கா படியில் உட்கார்ந்து ஊர்க்கதை.

“எனக்கு முளைப்பாரி வேணாம்” என்றேன்.

“ஏன்டி? ராப்பகலா கேட்டது யாரு?”

“மொட்டத் தலையோட நீ பக்கத்துல நடந்து வருவ. எல்லாரும் பாப்பாங்க. எனக்கு அசிங்கமா இருக்கு. நீ இருந்தா நான் எடுக்க மாட்டேன். இந்த வருஷம் நீ திருவிழாவுக்கே வராத.”

என் குரல் மாதிரியே இல்லை.

மாரியக்கா எழுந்துவிட்டாள். “அடிப்பாவி! பெத்தவள, அதும் சாமிக்கு முடி குடுத்தவளப் பாத்துப் பேசுற பேச்சா இது? என்னத்த புள்ள வளத்துருக்க நீ?”

“வயசு அப்படிக்கா, விடுங்க” என்றாள் அம்மா. மப்ளரை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

சரண் வந்து என் முன்னால் நின்றான். தலையில் இன்னும் சந்தனம், காதில் புதுக் கடுக்கன். “அக்கா, நானும் மொட்டதான. நானும் அசிங்கமா?”

அப்பா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கையை ஓங்கினார். நான் நகரவில்லை. அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். கை கீழே இறங்கியது. ஜீப்புக்கே திரும்பிப் போய், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. பொறுக்கிய பயறையெல்லாம் கோழிக்கு இறைத்தாள். ஒரே வீச்சாக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ரொம்ப நேரம்.

சரண் என்னோடு பேசவில்லை. இன்று அம்மாவிடம் படுத்துக்கொண்டான்.

நான் செய்தது சரியா? அவள் போகாமலே இருந்துவிட்டால்? இந்தப் பேச்சு மட்டும் அவளிடம் தங்கிவிட்டால்? போய், மதுரையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, என் மகள் என்னைப் பார்த்து இப்படிச் சொன்னாளே என்று

காலடிச் சத்தம். டார்ச்சை அணைக்க வேண்டும்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான்.

“தர்ஷி. தூங்கலன்னு தெரியும், தொற. உன் நீலப் பையக் குடு. உங்கப்பா வண்டிக்கு டீசல் போட்டாச்சு. நாளைக்குக் காப்பு கட்டுறாங்க, விடியுறதுக்குள்ள எல்ல தாண்டணும்.”